மார்கழி மாதத்தில் விசிறி

மதுரையில் இருந்துகொண்டு ஒருத்தியால் தலைக்குப் பூ வைக்க முடியவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? எங்கள் தெருமுனையில் உட்காரும் பூக்காரம்மாவிடம் எனக்குப் பத்து வருஷமாக வாடிக்கை. தினமும் இரண்டு முழம் மல்லிகை. ஒன்று சாமி படத்துக்கு, ஒன்று எனக்கு. 2022 தீபாவளிக்கு முதல் நாள், "நாளும் கிழமையுமா இருக்கே, கூட ஒரு முழம் கொடு" என்று கேட்டேன். அந்தம்மா என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வேணாங்கம்மா, முடி தாங்காது. அரை முழம் வச்சுக்கங்க, போதும்" என்றாள். தன் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு ஒருத்தி உண்மையைச் சொல்கிறாள் என்றால், அது எவ்வளவு பெரிய உண்மையாக இருக்க வேண்டும்!

வீட்டுக்கு வந்ததும் கையில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, பீரோ கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி இருந்த நடுவகிடு ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்துத் தெரிந்தது. முன்நெற்றியில் முடி அப்படியே இருக்கிறது. உச்சியில்தான் நாற்று சரியாகப் பிடிக்காத வயல் போலப் பிரிந்து கிடந்தது. ஜடையோ எலிவால். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது.

என் வீட்டுக்காரருக்கு முப்பத்தைந்து வயதிலேயே முன்மண்டை வழுக்கை. இன்று வரை அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கோ கல்யாண வீடுகளுக்குப் போகவே பயமாகிவிட்டது. "என்ன மதினி, முடியெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்பதற்கென்றே நாலு பேர் வாசலில் பன்னீர்ச் செம்புடன் நிற்பது போல் தோன்றும்.

என்னென்ன வைத்தியம் செய்தேன் என்று கேட்கிறீர்களா? கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, மருதாணி, செம்பருத்தி எல்லாம் போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சினேன். வீடே மூலிகைக் கடை மாதிரி மணத்தது. சின்ன வெங்காயச் சாறு தேய்த்ததில் தலையணை வரை நாற்றம். என் மகள் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். முட்டை, வெந்தயம், சோற்றுக் கற்றாழை ஒன்றையும் விடவில்லை. யாரோ சொன்னார்கள் என்று 'முடி வைட்டமின்' மாத்திரை வாங்கி ஆறு மாதம் விழுங்கினேன். விளம்பரம் பார்த்து ஓர் இடத்துக்குப் போய், சீட்டுப் பணத்திலிருந்து எட்டாயிரம் ரூபாய் கட்டி, பத்து தடவை தலையில் ஆவி பிடித்துக்கொண்டு வந்தேன். இவருக்கு இன்றுவரை அது தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்!

இந்தக் கவலையில் நான் இருக்கும்போதே வேறு சில உபத்திரவங்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நான் அவற்றை முடியோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. தோசை வார்த்துக்கொண்டிருப்பேன். திடீரென்று நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று யாரோ அடுப்பை ஏற்றிவிட்ட மாதிரி ஒரு சூடு கிளம்பும். இரண்டு மூன்று நிமிஷம்தான். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உடம்பு குளிர்ந்து நடுங்கும். அடுப்படிதானே, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்பு ஏது? வியர்வையில் நனைந்து எழுந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். ஒரு நாள் மாரடைப்பு என்றே நினைத்து இவரை எழுப்பினேன். பாவம், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அப்படிப் போய்ப் பார்த்தது தப்பில்லை. படபடப்பு இதயத்தாலும் வரலாம், பார்த்துத்தான் தெரியும்.

இதைவிட மோசம் என் கோபம். நான் சாதுவான பெண் என்று பேரெடுத்தவள். ஒருநாள் மகள் காலேஜுக்குக் கிளம்பும் அவசரத்தில் "சாம்பாரில் உப்பில்லை" என்றாள். கையில் இருந்த கரண்டியை விசிறி எறிந்துவிட்டேன். அது அவள் மேல் படவில்லை, சுவரில் பட்டு விழுந்தது. அவள் அழவில்லை. "நீ எங்க அம்மா மாதிரியே இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்று முழுக்க நான்தான் அழுதேன். சாவியை எங்கே வைத்தேன் என்று மறந்துபோகும். பால்காரருக்குக் கொடுத்த பணத்தை மறுபடி கொடுப்பேன். மாதவிலக்கோ தன் இஷ்டத்துக்கு நடந்தது. ஒரு தடவை இருபது நாளில், அடுத்தது ஐம்பது நாள் கழித்து. வந்தால் பத்து நாள் ஆறாகப் போகும். 'நிற்கப் போகிற நேரத்தில் அப்படித்தான் படும்' என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் விடிவு வந்தது என் தம்பி மனைவியால். அவளுக்குப் பிள்ளை பிறந்து நாலு மாதம். தலை சீவினால் கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது என்று ஒரே அழுகை. பச்சை உடம்புக்காரியைத் தனியாக அனுப்பக் கூடாதென்று 2023 ஜூன் மாதம் தோல் டாக்டரிடம் நான் துணைக்குப் போனேன். டாக்டரம்மா அவள் தலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கர்ப்பமாக இருக்கும்போது உதிர வேண்டிய முடி உதிராமல் நின்றிருக்கும். பிரசவமாகி மூன்று மாதம் போல ஆனதும் எல்லாம் சேர்ந்து கொட்டும். பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் வருவதற்குள் தானாகவே வந்துவிடும். நன்றாகச் சாப்பிடு, பயப்படாதே" என்றார். பெரிய காய்ச்சல், ஆபரேஷன், பட்டினி கிடந்து உடம்பு இளைத்தல் இவற்றுக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டுமாம், அதுவும் திரும்பி வருமாம். ஆரோக்கியமாக இருக்கிறவருக்கே ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி வரை உதிர்வது சகஜம்தான் என்றார். சொன்னபடியே குழந்தையின் பிறந்தநாளுக்கு என் தம்பி மனைவி நெற்றியோரம் புசுபுசுவென்று குட்டி முடிகளோடு நின்றாள். கைக்குழந்தைக்காரிகளே, உங்களுக்காகத்தான் இதை முதலில் எழுதினேன்.

அவளைப் பார்த்து முடித்த டாக்டரம்மாவின் கண் என் வகிட்டுக்கு வந்தது. "நீங்க காட்டலையா?" என்றார். "எனக்கென்ன டாக்டர், வயசாச்சு" என்று எழுந்தேன். "உட்காருங்க" என்றார் கொஞ்சம் அதட்டலாக.

ஒரு பூதக்கண்ணாடி மாதிரிக் கருவியை உச்சந்தலையில் வைத்துப் பார்த்தார். தடிமனான முடியும் மெல்லிய முடியுமாகக் கலந்து இருக்கிறதாம். அதுதான் பரம்பரையாக வருகிற முடி இழப்புக்கு அடையாளமாம். இதில் முடி கொத்தாகக் கொட்டவேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. அதனால் ஒவ்வொரு தடவை முளைக்கிற முடியும் முன்னைவிட மெலிந்து, குட்டையாக வருகிறது. கடைசியில் பூனைமுடி மாதிரி ஆகிவிடுகிறது. ஆண்களுக்கு முன்நெற்றி ஏறும். பெண்களுக்கு நெற்றியோரம் அப்படியே இருக்க, வகிடு அகலமாகும். லுட்விக் என்ற டாக்டர் 1977-ல் இதை மூன்று படிகளாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறாராம். "நீங்கள் இரண்டாம் படிக்கு வந்துகொண்டிருக்கிறீர்கள்" என்றார். என்னவோ படியேறிப் பரிசு வாங்கப் போகிற மாதிரி!

"அம்மா வழியில் வந்ததா, அப்பா வழியில் வந்ததா?" என்று கேட்டேன். இரண்டு வழியிலும் வரலாமாம். ஒரே ஒரு ஜீனால் வருவதில்லை, பல ஜீன்கள் சேர்ந்து வருவதாம். எனக்குச் சட்டென்று என் அம்மாவின் சவுரி ஞாபகம் வந்தது. சின்ன வயதில் நாங்கள் ஒளித்து விளையாடி அடி வாங்கிய, கறுப்பு நூல் சுற்றிய சவுரி. அம்மாவுக்கு ஏன் சவுரி வேண்டியிருந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

டாக்டரம்மா அடுத்துக் கேட்ட கேள்விகள்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டன. "மாதவிலக்கு ஒழுங்கா வருதா? ராத்திரி வியர்க்குதா? தூக்கம் வருதா? கோபம் வருதா?" தோல் டாக்டருக்கு என் கோபம் எப்படித் தெரிந்தது! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பரம்பரையில் இருக்கிற இந்த முடி மெலிவு, மாதவிலக்கு நிற்கிற காலத்தில் உடம்பில் சுரப்பு மாறும்போது பலருக்குத் துலக்கமாகத் தெரிய ஆரம்பிக்குமாம். "உங்களுக்கு ரெண்டும் சேர்ந்து நடக்குது. லேடி டாக்டரையும் பாருங்க. அதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்துடலாம்" என்றார். முடி வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறேன் என்றதும், அதை நிறுத்திவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். அதில் இருக்கிற பயோட்டின், தைராய்டு பரிசோதனையையே தப்பாகக் காட்டிவிடுமாம். உடம்பில் பயோட்டின் குறைவு இல்லாதவருக்கு அதைச் சாப்பிட்டு முடி வளரும் என்பதற்கு அத்தாட்சியும் இல்லையாம். ஆறு மாதக் காசு போயிற்று.

தைராய்டு சரியாக இருந்தது. ஆனால் ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். ஆறாகப் போனதன் பலன். இரும்புச் சத்து அடிமட்டத்தில். அதுவும் முடியைக் கொட்ட வைக்கும். இரும்பு மாத்திரையைக் காப்பி, டீயோடு சாப்பிடக் கூடாது, எலுமிச்சம்பழச் சாற்றோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும் என்றார்கள். நான் அதுவரை இரும்பு டானிக் குடித்த கையோடு டபரா செட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவள்!

லேடி டாக்டர் ஸ்கேன் எடுத்தார். 'நிற்கப் போகிற நேரம்' என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு அதிகப் போக்கைச் சும்மா விடக் கூடாது, கட்டி இருக்கிறதா, உள்சவ்வு தடித்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும் என்றார். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. பிறகு நிதானமாக விளக்கினார். மாதவிலக்கு முழுசாகப் பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று பெயர். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில் நிற்கிறது. மேல்நாட்டில் ஐம்பத்தொன்று. நாற்பதுக்கு முன்பே நின்றால் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும். நிற்பதற்குச் சில வருஷம் முன்பிருந்தே உடம்பு ஆட்டம் காட்ட ஆரம்பித்துவிடும். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறி இறங்கிக் குறைவதால், மூளையில் உடம்பின் சூட்டைக் கவனிக்கிற இடம் தடுமாறுகிறதாம். கெட்டுப்போன இஸ்திரிப் பெட்டி சும்மாச் சும்மா சூடாகி அணைவதில்லையா, அது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

மூட்டு வலி, மறதி, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, தும்மினால் சிறுநீர் கசிவது, அடிக்கடி நீர்க்கடுப்பு எல்லாம் இதில் சேர்த்தி. தாம்பத்தியத்தில் வறட்சி, எரிச்சல் என்று பலர் வாய்விட்டுச் சொல்லாமல் விலகி விலகிப் போவார்களாம். அதற்கென்று பூசுகிற களிம்பே இருக்கிறது, சகித்துக்கொள்ள வேண்டியதில்லை என்றார். இதை எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது. ஆனால் எனக்குச் சொல்ல ஆளில்லையே என்று நான் தவித்ததை நினைத்து எழுதுகிறேன். இன்னொன்று, முழுசாக நிற்கிறவரை கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. ஐம்பது வயதுக்குள் நின்றவர்கள் அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம். எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை.

"உங்க அம்மாவுக்கு எத்தனை வயசிலே நின்னது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, வலது காதுத் தோடு திருகாணி தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். இது தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேலூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் கிராமத்துக்குப் போனேன். அம்மாவுக்கு அப்போது எழுபது வயது. திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உருவினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஏம்மா, உனக்கு முடி எப்போ கொட்டுச்சு?" என்றேன்.

"அதெல்லாம் ஒரு கேள்வியாத்தா?" என்றாள். பிறகு என் வகிட்டைப் பார்த்தாள். "உனக்கும் வந்துருச்சா?" என்று கீரைக் கையோடு என் தலையைத் தடவினாள்.

நான் என் கதையையெல்லாம் சொன்னேன். சூடு ஏறுவது, ராத்திரி வியர்ப்பது, கரண்டியை எறிந்தது வரை. அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் விசிறிய வச்சுக்கிட்டுத் திண்ணையில படுத்துக் கெடந்தேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

ஞாபகம் இல்லாமலா! 1997 மார்கழி. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த காலம். பனி கொட்டுகிற ராத்திரியில் நாங்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடப்போம். அம்மா மட்டும் திண்ணையில் பனை விசிறியால் விசிறிக்கொண்டிருப்பாள். நானும் தம்பியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அப்பத்தாவோ, 'காத்துக் கருப்பு அண்டியிருக்கு' என்று வேப்பிலை அடிக்க ஆள் கூட்டி வந்தது. அப்போது அம்மாவுக்கு நாற்பத்து நான்கு வயது. நாற்பத்தாறில் நின்றுவிட்டதாம்.

"யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

"உங்க அப்பத்தாகிட்டச் சொன்னேன். பொம்பளைன்னா அப்படித்தான், வாயப் பொத்திக்கிட்டு இருன்னுச்சு. பொத்திக்கிட்டு இருந்தேன்."

அம்மா கீரைக் காம்புகளைக் கூட்டி அள்ளினாள். எழுந்திருக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் நின்னு இருபத்தஞ்சு வருசம் ஆகப் போகுது. இப்ப ரெண்டு மாசமா மறுபடி லேசாப் படுதுத்தா. பேரன் பேத்தி எடுத்த கெழவி, இத யார்கிட்டச் சொல்ல? மேலத் தெருக்காரி, உனக்கு இளமை திரும்புதுடின்னு சிரிக்கிறா" என்றாள்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. லேடி டாக்டர் என்னிடம் அழுத்தி அழுத்திச் சொன்ன ஒரு விஷயம் அதுதான். நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே வந்து காட்ட வேண்டும். பெரும்பாலும் சவ்வு வறண்டதாலோ, சிறு சதை வளர்ச்சியாலோதான் இருக்கும். ஆனால் அப்படி வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்குப் போல கர்ப்பப்பைப் புற்றுநோயாக இருக்கும்.

மறுநாளே மதுரைக்குக் கூட்டி வந்துவிட்டேன். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 14 மில்லிமீட்டர் தடித்திருந்தது. நின்றுபோனவர்களுக்கு இப்படிப் பட்டால், 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் நிம்மதியாம். சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. புற்றுநோய்தான். முதல் கட்டம். அம்மாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, உடம்பும் கொஞ்சம் கனம். அப்படிப்பட்டவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகமாம். 2023 ஆகஸ்டில் கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். கரண்ட் வைக்க வேண்டி வரவில்லை. மாதக் கணக்கு வைத்துக் காட்டிக்கொண்டு வருகிறோம். நன்றாக இருக்கிறாள். "இன்னும் ஆறு மாதம் பொறுத்து வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்" என்று டாக்டர் இவரிடம் சொன்னாராம். என் தலைமுடி கொட்டாமல் இருந்திருந்தால் நான் அம்மாவிடம் இதைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

என் வைத்தியத்துக்கு வருகிறேன். தோல் டாக்டர் கொடுத்தது மினாக்ஸிடில் என்ற மருந்து. முதலில் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரையாக வந்த மருந்தாம். சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர்ந்ததைப் பார்த்துவிட்டு, தலையில் தடவுகிற மருந்தாக மாற்றினார்களாம். அமெரிக்காவில் 1991-ல் பெண்களுக்கு அனுமதித்திருக்கிறார்கள். ராத்திரி படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னால், காய்ந்த தலையில், வகிட்டை ஒட்டித் தோலில் படும்படி ஒரு மில்லி தடவ வேண்டும். முடியில் தடவிப் பிரயோஜனமில்லை. தடவிவிட்டுக் கையைக் கழுவ வேண்டும். நெற்றியில் வழியவிட்டால் முகத்தில் முடி வளர்ந்துவிடும். எனக்கே காதோரம் கொஞ்சம் வந்தது, அளவைச் சரிபார்த்ததும் குறைந்தது. சிலருக்குத் தலை அரிக்கும்.

இதில் ஒரு பெரிய சோதனை இருக்கிறது. தடவ ஆரம்பித்த மூன்றாவது வாரத்திலிருந்து முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டியது! பாட்டிலைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை. பழைய முடி விழுந்தால்தானே புது முடி அந்த இடத்தில் கிளம்ப முடியும்? இரண்டு மாதத்துக்குள் அது அடங்கிவிடும். மகள் குப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரண்டியை எறிந்தவளுக்கு அவள் செய்த மரியாதை!

ஐந்து மாதம் வரை ஒன்றும் தெரியவில்லை. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தானே வளர்கிறது, அவசரப்பட்டு என்ன செய்ய? ஆறாம் மாதம் டாக்டரம்மா முதல் நாள் எடுத்த போட்டோவையும் அன்று எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வகிடு பாதியாகக் குறுகியிருந்தது. இருபது வயதுக் கூந்தல் திரும்பி வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வரவில்லை, வராது. மேலே போகாமல் நின்றிருக்கிறது, கொஞ்சம் அடர்ந்திருக்கிறது. நிறுத்தினால் சில மாதத்தில் பழையபடி ஆகிவிடும். அதனால் மாதம் எழுநூறு ரூபாய் போல இதற்கென்று மளிகைக் கணக்கில் எழுதிக்கொண்டு வருகிறேன். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் இதைத் தொடக் கூடாது. கடையில் நீங்களாகப் போய் வாங்கவும் வேண்டாம். எல்லா முடி உதிர்தலும் இது இல்லை.

எண்ணெய் என்ன ஆயிற்று என்கிறீர்களா? சுருங்கின மயிர்க்காலை எண்ணெய் நிமிர்த்தாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முடி உடையாமல், மினுமினுப்பாக இருக்க உதவும், அவ்வளவுதான். ஆனாலும் வெள்ளிக்கிழமை கரிசலாங்கண்ணி எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிப்பதை நான் விடவில்லை. மணம் பிடித்திருக்கிறது. அதற்கெல்லாமா டாக்டரிடம் அனுமதி கேட்பது?

சூட்டுக்கும் வியர்வைக்கும் நான் மருந்து எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரிக் காப்பியை விட்டேன், காரத்தைக் குறைத்தேன், நைலக்ஸ் புடவைகளைத் தானம் செய்துவிட்டுப் பருத்திக்கு மாறினேன். எனக்கு அதுவே தாங்குகிற அளவுக்குக் கொண்டு வந்தது. எல்லோருக்கும் அப்படி இல்லை. எங்கள் எதிர்வீட்டு அக்கா ஆறு மாதம் தூக்கமில்லாமல் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகி, இப்போது ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொள்கிறார்கள். ராத்திரி தூங்குகிறார்கள், பகலில் சிரிக்கிறார்கள். 2002-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆராய்ச்சியில், இந்த மருந்து எடுத்தவர்களுக்கு மார்புப் புற்றுநோய் கொஞ்சம் கூடுகிறது என்று வந்து, உலகமே பயந்துபோய் நிறுத்தியதாம். பிறகு அதே கணக்குகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்ததில், அறுபது வயதுக்கு உட்பட்டு, நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பிக்கிற பலருக்குக் கெடுதலைவிட நன்மை அதிகம் என்று தெரிந்ததாம். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறைகிற கோளாறு, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், காரணம் தெரியாமல் உதிரப்போக்கு இருப்பவர்கள் எடுக்கக் கூடாது. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது. எனவே இது அவரவர் டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டியது. பக்கத்து வீட்டுச் சீட்டைப் பார்த்து வாங்குகிற சமாச்சாரம் இல்லை.

நின்ற பிறகு முதல் சில வருஷம் எலும்பு வேகமாகத் தேயும் என்பதால், கேழ்வரகுக் கூழும் எள்ளுருண்டையும் எங்கள் வீட்டில் மறுபடி தலையெடுத்திருக்கின்றன. காலையில் வைகைக் கரைப் பக்கம் அரைமணி நேரம் வெயிலில் நடக்கிறேன். எனக்கு 2024 பொங்கலுக்கு வந்ததுதான் கடைசி. 2025 பொங்கலன்று மளிகை நோட்டில் பன்னிரண்டு மாதமும் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, நானாகவே எனக்கு ஒரு தம்ளர் பாயசம் கூடுதலாக ஊற்றிக்கொண்டேன்.

"எனக்கும் இப்படி ஆகுமாம்மா?" என்று மகள் ஒருநாள் என் தலையில் மருந்து தடவிக்கொண்டே கேட்டாள். ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றேன். அவள் அப்பாவுக்கும் வழுக்கை, எனக்கும் இப்படி. வகிடு அகலமாகிற மாதிரி தெரிந்தால் என் மாதிரி வெங்காயத்தோடு வருஷத்தை ஓட்டாமல் முதலிலேயே போய்க் காட்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் பாட்டிக்கு நாற்பத்தாறில் நின்றது, எனக்கு நாற்பத்தைந்து முடிந்து நின்றது என்பதையும், பாட்டிக்கு என்ன வியாதி வந்தது என்பதையும் அவள் டைரியில் எழுதி வைக்கச் சொன்னேன். "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று சிரித்தாள். எழுதிக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். கிராமத்திலிருந்து அவள் கொண்டு வந்த டிரங்குப் பெட்டியில் சவுரி இருந்தது, பனை விசிறியும் இருந்தது. ஓலை கிழிந்து, துணிக்கரை தைத்த பழைய விசிறி. 2024 மார்கழியில் ஒருநாள் ராத்திரி, வழக்கம்போல் இரண்டு மணிக்கு வியர்த்துப்போய் எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் படுத்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி விசிறியை எடுத்து எனக்கு விசிற ஆரம்பித்தாள்.

"மேலே ஃபேன்தான் ஓடுதேம்மா" என்றேன்.

"அது ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு விசிறிக்கொண்டே இருந்தாள்.